ஆய்வாளர்கள் கூடிக் கதைக்கும் தேநீர் நேரம் ஏன் நிலைக்கவில்லை? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

களனிக்கரை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். கொழும்பில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் எம்.பில். செய்கிறேன். எங்கள் கட்டடம் மூன்று மாடி. கீழே நீர்ப் பகுப்பாய்வு, நடுவில் நுண்ணுயிரியல், மேலே தரவுகளோடு வேலை செய்கிறவர்கள். ஒரே லிஃப்டில் ஏறி இறங்குகிறோம், ஒரே கன்ரீனில் சாப்பிடுகிறோம். ஆனால் பக்கத்து அறையில் என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. எங்கள் பிரிவு ஆளும் நடு மாடி ஆளும் ஒரே கால்வாயில் தனித்தனியாகப் போய் மாதிரி எடுத்திருக்கிறார்கள். இரண்டு வாகனம், இரண்டு செலவு. ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரியவந்தது ஒரு கருத்தரங்கில் போஸ்டரைப் பார்த்த பிறகுதான்.

இதைப் பார்த்துத்தான் வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரைக்கு ஒரு தேநீர் ஒன்றுகூடல் தொடங்கினேன். முதல் தடவை அறை நிறைய ஆட்கள். பிறகு குறைந்து குறைந்து இப்போது நானும் என் நண்பர்கள் சிலரும்தான்.

நான் கவனித்ததைச் சொல்கிறேன். பெரியவர் ஒருவர் கதைக்கத் தொடங்கினால் அது லெக்சர் ஆகிவிடுகிறது, மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டு இருக்கிறார்கள். எல்லாம் ஆங்கிலத்தில் போவதால் வவுனியாப் பிள்ளையும் வாய் திறப்பதில்லை, மாத்தறைப் பிள்ளையும் திறப்பதில்லை. நிர்வாகம் வரவுப் பதிவும் கூட்ட அறிக்கையும் கேட்கிறது. ஒரு தோழி வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள்: "என்ட ஐடியாவை அங்க சொன்னால் வேற ஆள் பேப்பர் போட்டுடுவான்."

இப்படி ஒன்றைத் தொடர்ந்து நடத்தியவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

மொறட்டுவ முடிச்சு

முதலில் இடத்தைப் பாருங்கள் சகோ. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் தொமஸ் அலன் என்பவர் 1970களில் பொறியியலாளர்களை வைத்து ஆராய்ந்தார். இருவருடைய மேசைகளுக்கு இடையில் தூரம் கூடக் கூட, அவர்கள் வேலை விஷயமாகக் கதைப்பது சடாரென்று குறைகிறது. ஐம்பது மீற்றர் தாண்டினால் ஏறக்குறைய இல்லை. மாடி மாறுவதும் கிட்டத்தட்ட அப்படித்தான். எனவே தனியாகப் பூட்டிக் கிடக்கும் கூட்ட அறையைவிட, எல்லாரும் எப்படியும் கடந்து போகிற இடத்தில் வையுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைப்பலகையும், எழுதக்கூடிய நிலையில் பேனாக்களும் இருக்கட்டும்.

இன்னொன்று. 2004 சுனாமி வந்த கையோடு இங்கே தொண்டர்கள் சேர்ந்து சஹான மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் விபரம், உதவிப்பொருள் என்று எல்லாவற்றுக்கும். அடுத்த வருடம் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. வெவ்வேறு இடங்களில் வேலை பார்த்தவர்கள். அவர்களில் பலர் திறந்தமூல வட்டத்தில் ஏற்கெனவே முகம் தெரிந்தவர்கள். அவசரம் வந்த பிறகு ஆளைத் தேடிப் பழக நேரம் இருக்காது. உங்கள் தேநீரின் பலன் உடனே தெரியாது, அதற்காக விட்டுவிடாதீர்கள்.

பொறளை இரசாயனம்

தம்பி, விடவேண்டாம். எங்கள் லாபில் இப்படி ஒன்று வருடக்கணக்காக ஓடுகிறது. கேத்தல் சுவிட்சைத் தட்டிவிடுகிற வேலை தொடக்கத்திலிருந்தே என் பொறுப்பு. அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நாளை மாற்றுங்கள். வெள்ளி நாலரை என்பது கொழும்பில் எவருக்குமே ஒத்துவராத நேரம். ஜும்மாவுக்குப் போய் வந்தவர்கள் மிச்ச வேலையை முடிக்க ஓடுவார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் பையோடு கோட்டைக்குப் போய் ரயில் பிடிக்கிற நேரம். எங்கள் சனத்தில் பாதிப்பேர் வெள்ளியில் மச்சம் தொடமாட்டார்கள், நீங்கள் மீன் ரோல்ஸ் வாங்கி வைத்திருப்பீர்கள். எல்லாவற்றையும்விடப் பெரியது: நாலே காலுக்கு அலுவலகம் முடிகிறது. ரீ.ஓ.மார், அதாவது தொழில்நுட்ப அலுவலர்கள், விரல் வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். ரீ.ஓ.மார் இல்லாத ஆய்வாளர் கூட்டத்தை நான் கூட்டமாகவே எடுக்கமாட்டேன். மெஷினோடு நாள் முழுக்க இருப்பது அவர்கள். எந்த விளக்கு எந்த மாதத்தில் மங்கத் தொடங்கியது, கரண்ட் போய் வந்த இரவில் எந்தக் குளிர்பெட்டி நின்றது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களைத் தனியாகப் போய், பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நோட்டிஸ் போட்டால் அது தங்களுக்கு இல்லை என்றுதான் நினைப்பார்கள்.

நாங்கள் புதன் மூன்று மணி. அந்த நாளில் போயா (பௌர்ணமி) விடுமுறை வந்தால் அந்தக் கிழமை இல்லை, அவ்வளவுதான். வேறு நாளுக்குத் தள்ளுவதில்லை. தள்ளத் தொடங்கினால் எல்லாரும் ஒருவரையொருவர் "இன்றைக்கு இருக்கா?" என்று கேட்பார்கள், கேட்கத் தொடங்கினால் வரமாட்டார்கள். மழையோ, பரீட்சையோ, வந்தது இரண்டே பேரோ, மூன்று மணிக்குக் கேத்தல் கொதிக்கும்.

அடுத்தது, என்ன கதைப்பது என்பது. இதில்தான் உங்களுடையது சறுக்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். முடிந்த வேலையை அங்கே கொண்டுவர விடாதீர்கள். முடிந்த வேலையைச் சொல்ல எஸ்.எல்.ஏ.ஏ.எஸ். (இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கம்) 1944இலிருந்து இருக்கிறது. அங்கே ஸ்லைட் போட்டு, மணி அடிப்பதற்குள் சொல்லி முடித்து, இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இறங்கலாம். தேநீருக்கு வரவேண்டியது சரிவராத வேலை. ஓடாத மெஷின், விளங்காத எண், திரும்பி வந்த கட்டுரை, எங்கே போய் மாதிரி எடுப்பது என்று முடிவு செய்யாத திட்டம்.

ஒன்றைச் சொன்னால் விளங்கும். எங்கள் பிள்ளை ஒருத்தி பேர வாவித் தண்ணீரில் பார உலோகங்கள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈயம், கட்மியம் எல்லாம் ஒழுங்காக வந்தன. சிங்க் மட்டும் அடம்பிடித்தது. வாவித் தண்ணீர் ஒரு துளியும் சேராத பிளாங்கிலேயே சிங்க் காட்டும். இன்றைக்கு ஒரு அளவு, நாளைக்கு இன்னொன்று. போத்தல்களை நைத்திரிக் அமிலத்தில் ஊறப்போட்டாள், வடித்த நீரை மாற்றினாள், புது அமிலப் போத்தல் திறந்தாள். பிளாங்க் இறங்கவே இல்லை. "காட்ட ஒன்றும் இல்லை மிஸ், பிழைச்சது மட்டும்தான் இருக்கு" என்று வராமல் நிற்கப் பார்த்தாள். அதைத்தான் கொண்டுவா என்றோம்.

எண்கள் எழுதிய தாளைப் பற்றிஸ் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துச் சொன்னாள். நாங்கள் எல்லோரும் தண்ணீரையும் அமிலத்தையும் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தோம். இறப்பர் வேலை செய்கிற ஒருவர், இரவல் வாங்கிய பிப்பெற்றைத் திருப்பித்தர வந்தவர், பிளேன்ரீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டார்: "தங்கச்சி, என்ன கையுறை போடுறீங்க?" லேடெக்ஸ் என்றாள். "இறப்பர் பாலை வல்கனைஸ் பண்ண நாங்கள் சிங்க் ஒட்சைட் சேர்ப்போம். அது கையுறையில இருக்கும், உங்கட விரலால போத்தல் மூடிக்குள்ள போகும். நைட்ரைல் கையுறையிலும் அந்தச் சேர்மானம் இருக்கும். தூள் இல்லாத வினைல் போட்டுப் பாருங்கோ, மூடியின் உட்பக்கத்தைத் தொடவேண்டாம்." அடுத்த புதனுக்குள் பிளாங்க் இறங்கிவிட்டது.

அவள் நீர்ப் பகுப்பாய்வுக் கட்டுரைகள் நிறையவே படித்திருந்தாள். இறப்பர்க் கட்டுரையை அவள் ஏன் எடுத்துப் பார்க்கப்போகிறாள்? தனக்கு எது தெரியாது என்றே தெரியாதபோது தேடுபொறியில் என்ன எழுதித் தேடுவது? தன் பிரச்சினையை வாய்விட்டுச் சொன்னதும் வேறு துறை ஆள் காதில் விழுந்ததும்தான் அவளைக் காப்பாற்றின. அந்த இறப்பர்க்காரர் பிறகு ஒரு புதனும் தவறவிடுவதில்லை.

இது எங்களுடைய கண்டுபிடிப்பு இல்லை. 1930களில் போலந்தின் லுவோவ் நகரத்தில் (இப்போது உக்ரைனின் லிவிவ்) பனாக், மசூர், உலாம் போன்ற கணிதக்காரர்கள் ஸ்கொட்டிஷ் கஃபே என்ற கடையில் கூடுவார்கள். தீராத கணக்குகளை மேசையின் பளிங்குக் கல்லிலேயே பென்சிலால் எழுதுவார்கள். கடைக்காரர்கள் துடைத்தால் எல்லாம் போய்விடும். பனாக்கின் மனைவி லூட்சியா ஒரு தடித்த கொப்பி வாங்கிக் கொடுத்தார். 1935இலிருந்து கணக்குகள் அதில் ஏறின. கொப்பி கடையிலேயே இருக்கும், கேட்டால் பரிசாரகர் எடுத்துத் தருவார். ஒவ்வொரு கணக்குக்கும் நாளும், கேட்டவர் பேரும் உண்டு. சிலதற்குப் பரிசும் உண்டு. 1936இல் மசூர் ஒரு கணக்கை எழுதி, தீர்ப்பவருக்கு உயிருள்ள வாத்து தருவதாகச் சொன்னார். 1972இல் சுவீடன்காரர் பெர் என்ஃப்லோ தீர்த்தார், மசூர் வார்சாவில் வாத்தைக் கையில் கொடுத்தார். யுத்தம் வந்து அந்தக் கூட்டம் சிதறிப்போன பிறகும் கொப்பி கணக்குகளைக் காப்பாற்றி வைத்திருந்தது.

எனவே ஒரு கொப்பி வாங்குங்கள், தம்பி. கடையில் விற்கிற சீ.ஆர். கொப்பி போதும். கேள்வி, பேர், திகதி. விடை கிடைத்தால் அதன் கீழே விடை, சொன்னவர் பேர். கொப்பி கேத்தலுக்குப் பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கட்டும், ஒருவருடைய லாச்சிக்குள் போகக்கூடாது.

சாப்பாட்டைச் சின்ன விஷயமாக எடுக்கவேண்டாம். கேம்பிரிட்ஜில் மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடம் 1962இல் திறந்தபோது அதன் தலைவர், நோபல் பரிசு பெற்ற மக்ஸ் பெரூட்ஸ், அங்கே ஒரு கன்ரீன் கட்டாயம் இருக்கவேண்டும் என்று நின்றார். காலையில் கோப்பி, மத்தியானம் சாப்பாடு, பின்னேரம் தேநீர். அவருடைய மனைவி கிசெலா இருபது வருடத்துக்கு மேலாக அதை முன்னின்று நடத்தினார். உள்ளே இருக்கிறவர்கள் ஒருவரோடொருவர் கதைக்காததால்தான் பல ஆய்வுகூடங்கள் தோற்றுப்போகின்றன என்பது பெரூட்ஸின் அனுபவம். நோபல் பரிசுக் கதைகளில் கிசெலாவின் பேர் ஓர் ஓரத்தில்கூட வருவது குறைவு. லூட்சியாவின் கொப்பியும் அப்படித்தான். எனக்கு இந்த இரண்டு பெண்களையும் மிகவும் பிடிக்கும். யாரோ ஒருவர் அக்கறையாக வாங்கி வைக்காமல், கழுவி வைக்காமல் எந்தக் கூட்டமும் தானாக நடந்ததில்லை. ஆனால் உங்கள் இடத்தில் அந்த வேலை பெண்பிள்ளைகள் தலையில் மட்டும் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களிடம் கோப்பை கழுவ முறை வைத்திருக்கிறோம், புரொபசருக்கும் முறை வரும்.

பெரியவர்கள் விஷயம். அவர்களை வரவேண்டாம் என்று சொல்லாதீர்கள், அவர்கள் வேண்டும். தனியாகப் போய் மரியாதையாகக் கேளுங்கள்: "சேர், அடுத்த புதன் நீங்கள் சரிவராமல் விட்ட வேலை ஒன்றைச் சொல்லுவீங்களா?" எங்கள் பெரியவர் ஒருவர், நிராகரிக்கப்பட்ட தன் கட்டுரைக்கு வந்த விமர்சனத்தை முழுவதுமாக வாசித்துக் காட்டினார். கடுமையான வரிகளையும் விடவில்லை. அன்றைக்குப் பிறகு பிள்ளைகள் தங்கள் பிழையைச் சொல்லப் பயப்பட்டதே இல்லை. மற்றப்படி ஒரு வழக்கம் போதும்: முதல் கேள்வி ஆகக் கடைசியாக வந்து சேர்ந்த ஆளுடையது, பெரியவர்கள் கடைசியில்.

கின்சி வீதி

அக்கா எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நான் மருத்துவப் பக்கம். "ஐடியாவைத் திருடிவிடுவார்கள்" என்ற பயத்தைத் தள்ளிவிடக்கூடாது, அது உண்மையாகவே நடக்கிறது. நான் மாணவியாக இருந்தபோது எனக்கும் நடந்தது. வாய் வார்த்தையாகச் சொன்னதற்குச் சாட்சி இல்லை, அதனால்தான் அக்கா சொல்கிற கொப்பி நல்லது. பேரும் திகதியும் இருந்தால் எடுக்க நினைப்பவரும் யோசிப்பார்.

கொப்பியின் முதல் பக்கத்திலேயே இதை எழுதி வைக்கலாம்: இங்கே கேட்டதை உங்கள் வேலையில் பயன்படுத்தினால் சொன்னவரிடம் முதலில் கேளுங்கள். யோசனை மட்டும் தந்தவருக்கு நன்றியுரையில் இடம். வேலை செய்தவர், எழுத்தில் பங்கெடுத்தவர், இறுதி வடிவத்தைப் பார்த்துச் சம்மதித்தவர், அதற்குப் பொறுப்பேற்பவர் என்று நாலும் பொருந்தினால் ஆசிரியர் வரிசையில் இடம். இது மருத்துவ சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வைத்திருக்கிற அளவுகோல். அந்தக் குழுவே 1978இல் வன்கூவரில் ஆசிரியர்கள் சிலர் சம்பிரதாயம் இல்லாமல் கூடிக் கதைத்ததில் பிறந்ததுதான்.

சஞ்சிகை வாங்கக் காசில்லை என்று கவலைப்படுகிறவர்களுக்கும் இப்படிக் கூடுவது உதவும். மருத்துவர் வில்லியம் ஒஸ்லர் 1875இல் மொன்ட்ரியலில் சஞ்சிகை வாசிப்புக் குழு தொடங்கியதற்குக் காரணமே, தனியாளாகச் சந்தா கட்ட அவரால் முடியாததுதான். பங்கு போட்டு வாங்கி, பங்கு போட்டு வாசித்தார்கள்.

களனிக்கரை

இவ்வளவு அக்கறையாக எழுதியதற்கு எல்லாருக்கும் நன்றி. அக்கா, இன்னும் இரண்டு கேட்கவேண்டும். நிர்வாகம் கேட்கிற அறிக்கைக்கு என்ன செய்வது? கொடுக்காவிட்டால் அறை தரமாட்டார்கள். அடுத்தது மொழி. ஆங்கிலத்தை விட்டால் தமிழில் கதைப்பதா சிங்களத்திலா என்று வரும்.

பொறளை இரசாயனம்

அறிக்கை கேட்டால் சண்டை பிடிக்காதீர்கள். கொப்பியிலிருந்து மாதத்துக்கு ஒரு பக்கம் எடுத்துக் கொடுங்கள்: கேட்ட கேள்விகள், தீர்ந்தவை, இரவல் கொடுத்த கருவிகள். கேட்டவர் பேர் வேண்டாம். உங்கள் கால்வாய்க் கதையை அதில் கட்டாயம் எழுதுங்கள். இரண்டு வாகனச் செலவு ஒன்றானது என்றால் கணக்காளருக்கே பிடித்துப்போகும். ஆனால் வரவுப் பதிவுக்கு மட்டும் சம்மதிக்கவேண்டாம். கையெழுத்து வந்தால் கடமைக்கு வருவார்கள். அதோடு சேர்ந்து சான்றிதழ், பனர், பிரதம விருந்தினர், விளக்கேற்றல், பேஸ்புக்குக்குப் படம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அவற்றுக்கு வேறு மேடைகள் உண்டு. மேடையோடு கூடிய நல்ல கூட்டங்களும் வேண்டும்தான், வெள்ளவத்தையில் 57ஆவது ஒழுங்கைத் தமிழ்ச் சங்கத்துக்குப் போய் உரை கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் மேடைக்கு முன்னால் இருந்து ஒரு பிள்ளை "எனக்கு பிளாங்க் சரிவரவில்லை" என்று சொல்லமாட்டாள்.

அறை தராவிட்டால் அறை வேண்டாம். மாடிப்படி இறங்குகிற இடத்தில் இரண்டு மேசையைச் சேர்த்துப் போடுங்கள். மொறட்டுவத் தம்பி சொன்னதும் அதுதான்.

மொழிக்கு எங்கள் பழக்கம், அவரவர் தொடங்கின மொழியிலேயே முடிக்கலாம் என்பது. பக்கத்தில் இருப்பவர் மற்றவருக்குச் சொல்லுவார். முதலில் கொஞ்சம் மெதுவாகப் போகும், போகட்டும். மாத்தறைப் பிள்ளை சிங்களத்தில் சொன்னதை வவுனியாப் பிள்ளைக்குத் தமிழில் சொல்லப்போனவர், தனக்கே பாதி விளங்கவில்லை என்று கண்டு திரும்பக் கேட்பார். அங்கேதான் நல்ல கேள்விகள் வரும். படம் கீறச் சொல்லுங்கள். கருவியின் குழாய் எங்கே அடைக்கிறது என்பதைக் கீறிக் காட்ட எந்த மொழியும் தேவையில்லை. தமிழ்ப் பிள்ளைகள் ஒரு மூலை, சிங்களப் பிள்ளைகள் ஒரு மூலை என்று இருக்கத் தொடங்கினால் கதிரைகளைக் குறைத்துவிடுங்கள், நின்றுகொண்டு குடிப்பார்கள், கலந்துவிடுவார்கள்.

களனிக்கரை

சரி அக்கா. வருகிற கிழமையிலிருந்து புதன் மூன்று மணி, படிக்கட்டடியில். கொப்பி வாங்கிவிட்டேன், முதல் கேள்வியாகக் கால்வாயைப் போட்டிருக்கிறேன்: அடுத்த மாதிரி எடுப்புக்கு யார் யார் ஒரே வாகனத்தில் வரலாம்? கீழ்மாடி ரீ.ஓ. அண்ணையிடம் நேரில் போய்ச் சொன்னேன், "என்னையுமா தம்பி?" என்று கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். கடைசியாக ஒன்று, நோன்பு மாதத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

பொறளை இரசாயனம்

அந்த மாதம் காலை பத்து மணிக்கு மாற்றிவிடுவோம், தேநீரும் தீனும் இல்லை. நேரம் மாறுவது அந்த ஒரு மாதம்தான், மாதம் தொடங்குமுன் கொப்பியின் அட்டையில் பெரிதாக எழுதிவிடுவோம். பசியோடு இருப்பவர்களுக்கு முன்னால் மற்றவர்கள் தின்னுவது சரியில்லை, பின்னேரம் அவர்கள் வீட்டுக்குப் போகிற அவசரமும் இருக்கும். கூட்டம் அரை மணித்தியாலத்தோடு முடியும். மாதக் கடைசியில் எல்லாருமாகக் காசு போட்டு ஒரு நாள் நோன்புக் கஞ்சியோடு இப்தார் வைக்கிறோம். அன்றைக்கு மட்டும் நாலே காலுக்குப் பிறகும் ரீ.ஓ.மார் நிற்பார்கள். அண்ணையிடம் பஸ் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.